வடக்கே தலை வைக்கலாமா?

(பாலக்காட்டில் நமது கிளையின் குடும்ப சங்கமத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

காரியதரிசி டெலிபோனில் அழைத்து, "மாமா, நீங்கள் பி.எஸ்ஸி. பிஸிக்ஸ், சர்வே இலாகாவில் முப்பது வருஷம் இருந்தவர். வாஸ்து, ஃபெங் சுயி பற்றி அரை மணி பேச வேண்டும்" என்றார். அந்த இரண்டு கடலையும் நீந்த எனக்குத் தெம்பில்லை. எனவே ஒரே ஒரு சாமானைப் பற்றி மட்டும் பேசுகிறேன் என்றேன். அது கட்டில். எங்கே போடுவது, எந்தப் பக்கம் தலை வைப்பது என்பது மட்டும்தான் இன்றைய விஷயம். இதில் எனக்கு ஒரு பிராயச்சித்தமும் பாக்கி இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் கிராமத்து வீடு நீங்கள் எல்லாரும் அறிந்த மாதிரிதான். திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை, கடைசியில் கிணற்றடி என்று ரயில் பெட்டி போல நீளமாக ஓடும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். தெரு கிழக்கு மேற்காக இருப்பதால் வீடு வடக்கு பார்த்தது. ராத்திரி கூடத்தில் பத்துப் பேர் பாய் விரிப்போம். யாராவது அசந்து மறந்து வாசல் பக்கம் தலை வைத்தால் பாட்டி எழுப்பி விடுவாள். "வடக்கே தலை வெக்காதேடா!" ஏன் என்று கேட்டால், "பெரியவா சொன்னா, அவ்வளவுதான்."

விக்டோரியா காலேஜில் பிஸிக்ஸ் சேர்ந்த பிறகு, பாட்டி சொல்லாத காரணத்தை நான் சொல்ல ஆரம்பித்தேன். பூமி ஒரு பெரிய காந்தம், நம் ரத்தத்தில் இரும்பு இருக்கிறது, வடக்கே தலை வைத்தால் அந்த இரும்பு மூளைக்கு இழுக்கப்படும், அதனால்தான் நம் முன்னோர்கள் தடுத்தார்கள் என்று சொல்வேன். கல்யாணம், சஷ்டியப்தபூர்த்தி, எங்கே நாலு பேர் கூடினாலும் இந்தப் பிரசங்கம் உண்டு. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். சயன்ஸ் படித்தவன் சொன்னால் மறுப்பேது? நாற்பது வருஷம் இப்படியே சொன்னேன். அது தப்பு. அந்தத் தப்பைத்தான் இன்று இந்த மேடையில் திருத்திக்கொள்ள வந்திருக்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு மனித உடம்பில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. பெரும்பகுதி ஹீமோகுளோபினில். ஆனால் அது ஆணியில் உள்ள இரும்பு போல அல்ல. ஆக்ஸிஜன் ஏறிய ரத்தத்தைக் காந்தம் இழுப்பதில்லை, மிகச் சிறிதளவு தள்ளவே செய்கிறது. ஆக்ஸிஜன் இறங்கிய ரத்தம் மிகச் சிறிதளவு இழுக்கப்படும். லைனஸ் பாலிங்கும் கோரியெலும் 1936-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். நான் பி.எஸ்ஸி. படிப்பதற்கு முப்பது வருஷம் முன்பு!

பூமியின் காந்தப் புலமும் நாம் நினைப்பது போல் பலசாலி அல்ல. நம் தென்னிந்தியப் பக்கம் அது சுமார் 40 மைக்ரோடெஸ்லா. ஒரு டெஸ்லாவைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் மைக்ரோடெஸ்லா. ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்களே, அந்த மெஷின் சாதாரணமாக 1.5 டெஸ்லா. அதாவது பூமியைப் போல முப்பத்தையாயிரம் மடங்குக்கு மேல். அந்தக் குழாய்க்குள் காந்தப் புலம் தலையிலிருந்து கால் வரை நீளவாக்கில்தான் ஓடுகிறது. பாட்டி பயந்த அதே படுக்கை! இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் முதுகு வலிக்கோ மூட்டு வலிக்கோ அதில் அரை மணி படுத்து எழுந்து வந்தவர்கள்தான். யாருக்காவது ரத்தம் தலைக்கு ஏறியதா? சத்தம் காதைத் துளைத்தது என்று மட்டும்தான் சொல்வீர்கள்.

எதிர்த் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். ஜெர்மனியில் 1980களில் சிலரைத் திசை மாற்றிப் படுக்க வைத்துத் தூக்கத்தை அளந்தார்கள். ஏதோ சிறு வித்தியாசம் தெரிகிறது என்றார்கள். ஆனால் அது சிறிய பரிசோதனை. அதை வைத்துச் சட்டம் போட முடியாது. 2019-ல் அமெரிக்காவில் கால்டெக்கில், பூமியின் அளவே உள்ள புலத்தைச் சுழற்றியபோது சிலருடைய மூளை அலைகளில் மாற்றம் இருந்ததாகப் பிரசுரித்தார்கள். மூளை திசையை உணரக்கூடும் என்பது வேறு, வடக்கே தலை வைத்தால் ஆயுசு குறையும் என்பது வேறு.

இன்னொன்று. விஷ்ணு புராணத்தில் கிழக்கும் தெற்கும் தலை வைக்க உத்தமம், மற்றவை வியாதி தரும் என்ற கருத்து வருகிறது. பூமியே ஒரு காந்தம் என்று வில்லியம் கில்பர்ட் எழுதியது 1600-ல். புராணம் அதற்குப் பல நூற்றாண்டு முந்தியது. அங்கே காந்தப் பேச்சே இல்லை. நம் பெரியவர்கள் சொன்ன காரணம் வேறு. தெற்கு யமனுடைய திசை. வடக்கே தலை வைத்தால் கால் தெற்கே நீளும், எழுந்ததும் தெற்கைப் பார்ப்போம். அது ஒரு பாவனை. அந்த மரியாதைக்குக் காந்தத்தின் சர்ட்டிபிகேட் தேவையில்லை. அதை ஒட்ட வைத்தவர்கள் என் போன்ற அரைகுறை சயன்ஸ்காரர்கள்.

ஜப்பானிலும் வடக்கே தலை வைக்கமாட்டார்கள். புத்தர் பரிநிர்வாணத்தின்போது வடக்கே தலை வைத்துப் படுத்தார், அதனால் அங்கே இறந்தவர்களை அப்படிக் கிடத்துகிறார்கள். நம்மிலோ இறந்தவர்களைத் தெற்கே தலை வைத்துக் கிடத்துகிறோம். ஆனால் உயிரோடு இருக்கும்போது தெற்கு நல்லது என்கிறோம். சீனாவின் ஃபெங் சுயி திசையோடு வாசலையும் சேர்த்துப் பார்க்கிறது. வாசலை நோக்கிக் கால் நீட்டக் கூடாது, பிணத்தை அப்படித்தான் வெளியே எடுப்பார்கள் என்கிறது. கட்டிலுக்கு எதிரே கண்ணாடி கூடாது, உத்தரத்துக்கு அடியில் படுக்கக் கூடாது, கதவு கண்ணில் படும்படியும் தலைமாட்டில் கெட்டியான சுவர் இருக்கும்படியும் படுக்க வேண்டும் என்கிறது. இவற்றில் சில நல்ல புத்திதான். அந்த நாட்டில் வடக்கிலிருந்து குளிர்காற்று அடிக்கும். முதுகுக்கு மலை, முகத்துக்குத் தெற்கு வெயில் என்று வீடு கட்டியது நியாயம். நம் பாலக்காட்டுக் கணவாயில் தை மாதம் கிழக்குக் காற்று, ஆடி மாதம் மேற்குக் காற்று. சீனத்துச் சட்டம் இங்கே எப்படிச் செல்லும்?

காம்பஸ் பற்றி ஒரு வார்த்தை. என் தொழிலில் முதல் பாடமே, காம்பஸ் வைத்திருப்பவன் பக்கத்தில் இரும்புச் சங்கிலியைக் கொண்டுபோகாதே என்பதுதான். உறவுக்காரர் ஒருவர் ஃபிளாட் வாங்கியபோது ஃபெங் சுயி நிபுணர் ஒருவர் வந்தார். இரும்புக் கட்டிலின் மேல் காம்பஸை வைத்தார். பக்கத்தில் ஸ்டீல் பீரோ. முள் பீரோவைப் பார்த்துக் கும்பிட்டது. அவர் அதை வடக்கு என்று எழுதிக்கொண்டார். ஜன்னல் வழியே அஸ்தமன சூரியன் தெரிந்துகொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. மரியாதைக்குச் சும்மா இருந்தேன்.

இப்போது என் பிராயச்சித்தம்.

2012-ல் என் அக்கா எங்களோடு இருந்தாள். அப்போது வயது 81. அவள் அறையில் கட்டில் வடக்கே தலையாக இருந்தது. இடது கைப் பக்கம் இறங்கி நாலு அடி வைத்தால் பாத்ரூம். ஆறு வருஷமாக அப்படியே பழக்கம். வெளிநாட்டிலிருந்து வந்த மகள் ஒரு ஃபெங் சுயி புஸ்தகம் கொண்டுவந்தாள். நான் என் காந்தப் பிரசங்கத்தை அவிழ்த்தேன். இருவரும் சேர்ந்து ஒரே மத்தியானத்தில் கட்டிலைத் திருப்பினோம். அக்கா, "எனக்கு இதுவே போறுமேடா" என்றாள். நான் கேட்கவில்லை.

கட்டில் திரும்பியதும் பாத்ரூம் வலது கைப் பக்கம் போய்விட்டது. இடது பக்கம் பீரோவும் டிரங்குப் பெட்டியும். லைட் ஸ்விட்ச் பழைய தலைமாட்டிலேயே, இப்போது கால் பக்கத்தில். மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு அக்கா பழக்கப்படி இடது பக்கம் இறங்கினாள். டிரங்கில் கால் தட்டி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆயிற்று. அதன் பிறகு வாக்கர் இல்லாமல் அவள் நடக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்து அவள் சொன்னது: "அம்பி, உன் மேக்னட் என் ரத்தத்தை இழுத்துதோ இல்லையோ, உன் கட்டில் என் காலை இழுத்துடுத்து." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து கட்டிலைப் பழையபடி வடக்கே தலையாகப் போட்டேன். 88 வயது வரை அதிலேயே படுத்தாள்.

அக்கா விழுந்த பிறகுதான், உத்தியோக காலத்தில் கேட்ட ஒரு பேச்சு எனக்கு முழுசாக அர்த்தமாயிற்று. இடுக்கி ஜில்லா 1972 ஜனவரி 26-ல் உருவானது. அதற்குச் சில வருஷம் கழித்து எல்லைப் பக்கம் வேலைக்குப் போனேன். குமுளி, உடும்பன்சோலை, தேவிகுளம் என்று சுற்றினேன். தேயிலை, ஏலத் தோட்டங்களில் நம் தமிழ் ஜனங்கள் லயங்களில் இருந்தார்கள். குடும்பத்துக்கு ஒரு அறை, ஒரு சின்ன அடுக்களை. ஒரு மழை நாளில் லயத்துத் திண்ணையில் ஒதுங்கியபோது, அங்கிருந்த வயதான அம்மாளிடம் விளையாட்டாக, "எந்தத் திசையில் தலை வைப்பீர்கள்?" என்று கேட்டேன். "தெச எங்க சார் பாக்கறது? ஒழுகாத பக்கம் தல வப்போம்" என்றாள். அன்று சிரித்துவிட்டு வந்தேன்.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு ராஜமலை பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மேல் விழுந்தது. எழுபது பேர் போனார்கள், பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள், தூக்கத்தில் இருந்தவர்கள். அவர்கள் எந்தத் திசையில் தலை வைத்திருந்தார்கள் என்பது ஒரு கேள்வியே அல்ல. கட்டில் எந்த மலைச் சரிவின் கீழே இருந்தது என்பதுதான் கேள்வி. சர்வேகாரனான எனக்குச் சரிவு தெரியும், தண்ணீர் எந்த வழி இறங்கும் என்பது தெரியும். ஒரு மனிதன் பத்திரமாகத் தூங்க அந்த அறிவு வேண்டும். நான் ஊரெல்லாம் பேசியதோ காந்தத்தைப் பற்றி.

பல ஊர்களில் இருக்கும் நம் அங்கத்தினர்களுக்குச் சில வார்த்தைகள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அவர்கள் இறங்கும் பக்கம் காலியாக இருக்கட்டும். உட்கார்ந்தால் பாதம் தரையில் படுகிற உயரத்தில் கட்டில் இருக்கட்டும். படுத்தபடியே கைக்கு எட்டுகிற ஸ்விட்ச், பாத்ரூம் வழியில் ஒரு சிறு இரவு விளக்கு, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி போதும். மிதியடி, ஒயர், டிரங்குப் பெட்டி வழியில் வேண்டாம். தலைக்கு மேல் கனமான அலமாரி வேண்டாம். காற்று குறுக்கே ஓட வேண்டும். மலைப் பக்கம் வீடு இருந்தால், மழைக் காலத்தில் அதிகாரிகள் இடம் மாறச் சொன்னால் உடனே மாறுங்கள். பழகிய கட்டிலைத் திருப்புவதானால், படுப்பவரைக் கேட்டுத் திருப்புங்கள்.

இத்தனையும் சரியாக அமைந்த பிறகு, தெற்கே தலை வைக்க இடம் இருந்தால் தாராளமாக வையுங்கள். நானும் அப்படித்தான் படுக்கிறேன். பாட்டி சொன்னாள் என்பதற்காக. காந்தத்துக்காக அல்ல. ஆனால் அறை இடம் தராவிட்டால், மாட்டுப்பெண்ணோடு சண்டை வேண்டாம், சுவரை இடிக்க வேண்டாம், கண்ணாடியை மூட நிபுணருக்குப் பணம் தர வேண்டாம்.

கல்யாண வீடுகளில் என் காந்தப் பிரசங்கத்தைக் கேட்டவர்கள் இந்தச் சபையிலும் இருப்பீர்கள். தயவுசெய்து அதை மறந்துவிடுங்கள். யாரிடமாவது திருப்பிச் சொல்லியிருந்தால், இதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

 சமையல்காரர் வாசலில் நிற்கிறார். சாப்பாட்டுக்கு எந்தத் திசை பார்த்து உட்காருவது என்பதை அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்வோம்.