அசையாமல் ஒரு உடற்பயிற்சி
(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"தினமும் நடக்கத்தான் செய்கிறேன், பி.பி. மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது." நம் குடியிருப்பில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. நடப்பதை நிறுத்த வேண்டாம். கூடவே இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கை கால்களை அசைக்காமல், தசையை இறுக்கி ஒரே நிலையில் வைத்திருப்பதை ஐசோமெட்ரிக் பயிற்சி என்கிறார்கள். 270 ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து அலசிய கட்டுரை ஒன்று 2023இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இதழில் வந்தது. நடை, ஓட்டம் போன்றவற்றால் மேல் அளவு சராசரியாக 4.5 குறைந்தது, ஐசோமெட்ரிக் பயிற்சியால் 8.2. சராசரி என்பதைக் கவனியுங்கள். ஃபிக்ஸட் டெபாசிட் வட்டி மாதிரி இவ்வளவு வரும் என்று யாருக்கும் உறுதி சொல்ல முடியாது.

சுலபமானது சுவரில் உட்காருவது. முதுகைச் சுவரில் சாய்த்து, பாதங்களைச் சற்றுத் தள்ளி வைத்து, நாற்காலியில் உட்காருவதுபோல் கொஞ்சம் இறங்கி அப்படியே இருங்கள். இரண்டு நிமிடம். பிறகு இரண்டு நிமிடம் ஓய்வு. இப்படி நான்கு முறை, வாரம் மூன்று நாள். மொத்தமே 14 நிமிடம்தான். ஆரம்பத்தில் அரை நிமிடமே பெரிய பாடாக இருக்கும், மெதுவாகக் கூட்டலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் தாழ இறங்க வேண்டாம். அதுவும் முடியாதவர்கள் ஒரு பந்தை, முழு பலத்தில் மூன்றில் ஒரு பங்கு பலத்தோடு, இதே கணக்கில் கையால் அழுத்திப் பிடிக்கலாம்.

இறுகிய தசை ரத்தக் குழாய்களை நெருக்குகிறது. விட்டதும் ரத்தம் பாய்ந்து வர, குழாய்கள் விரிகின்றன. வாரக்கணக்கில் செய்யும்போது இதனால் பலன் கிடைக்கிறது என்பது விளக்கம். ஆனால் தசையை இறுக்கியிருக்கும் அந்த இரண்டு நிமிடமும் பி.பி. ஏறத்தான் செய்யும். வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோக்கள் பல இதைச் சொல்வதே இல்லை. தம் கட்டினால் இன்னும் ஏறும். வாய்விட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள், மூச்சு தானாக வந்துபோகும். பி.பி. கட்டுக்குள் இல்லாதவர்கள், இதயக் கோளாறோ பக்கவாதமோ வந்தவர்கள், அண்மையில் ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.

இரண்டு வாரம் செய்துவிட்டு மாத்திரையைப் பாதியாக உடைக்காதீர்கள். பயிற்சி முடிந்த கையோடு பி.பி. பார்ப்பதும் வேண்டாம். காலையில், காபிக்கு முன், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு பார்த்து, தேதி போட்டு நோட்டில் குறித்து வையுங்கள். இரண்டு மாதம் கழித்து அந்த நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையைக் குறைப்பதா வேண்டாமா என்று அவர் சொல்லட்டும்.