பழைய மடிக்கணினிக்குப் புத்துயிர்

 

வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவது மரபு. அதனை எனக்கு முன் பேசியோர் சிறப்புற எடுத்துரைத்துவிட்டனர். ஆகவே கல்விக்குரிய கருவி ஒன்றைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன். நம் வீடுகளில் பரணிலும் பீரோவின் மேலும் உறங்கிக் கிடக்கும் பழைய மடிக்கணினிகளை மீண்டும் எழுப்புவது எங்ஙனம் என்பதே என் பொருள்.

இவை நம்மிடம் எவ்வாறு வந்தன? தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15ஆம் நாள் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பெற்றது. நம் உறவுகள் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் பரவியிருப்பதால் அவற்றுட் சில இங்கும் வந்து சேர்ந்தன. புதுவை அரசும் தன் மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கியது. பிரான்சில் வாழும் உறவினர் விடுமுறைக்கு வரும்போது விட்டுச் செல்பவையும் உண்டு. எழுத்து வரிசை மாறிய விசைப்பலகையைக் கொண்டே அவற்றை அடையாளம் காணலாம்.

இன்று சென்டாக் சேர்க்கை விண்ணப்பமும் கல்வி உதவித்தொகை விண்ணப்பமும் இணையத்தின் வழியேதான். வீட்டில் இயங்கும் கணினி இல்லாத மாணவி, இணைய மையத்தில் வரிசையில் நின்று, தன் சாதிச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் கடவுச்சொல்லையும் பிறர் கணினியில் விட்டுவிட்டு வருகிறாள். கடைசி நாளில் அந்த மையத்தில் கூட்டம் மிகுந்தால் அவளுடைய ஓராண்டுக் காலமே கேள்விக்குறியாகிறது. எனவே இது வெறும் பொறி பழுது பார்க்கும் செய்தியன்று.

பழைய கணினி மெதுவாக இயங்கப் பெரிதும் காரணமாவது அதனுள் இருக்கும் ஹார்டு டிஸ்க் எனும் வன்தட்டு. அது சுழலும் தட்டு. மடிக்கணினிகளில் பெரும்பாலும் நிமிடத்திற்கு 5400 முறை, அதாவது வினாடிக்கு 90 முறை சுழலும். ஒரு கோப்பு வேண்டுமெனில் ஊசிபோன்ற கை நகர்ந்து, தட்டின் உரிய இடம் தன்கீழ் வரும்வரை காத்திருக்க வேண்டும். எஸ்.எஸ்.டி. எனப்படும் திடநிலைச் சேமிப்பகத்திலோ சுழல்வதும் நகர்வதும் இல்லை. எல்லாம் மின்னணுச் சில்லுகளே. தொஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஜப்பானிய அறிஞர் புஜியோ மசுவோகா 1980களில் கண்டறிந்த ஃபிளாஷ் நினைவகமே இதன் அடிப்படை. வன்தட்டு ஒரு தகவலைத் தேடியெடுக்கும் நேரத்தில் இது நூறு தகவல்களை எடுத்துத் தரும்.

ஆனால் எந்த எஸ்.எஸ்.டி.யும் எந்தக் கணினிக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடலாகாது. கடைக்குச் செல்லுமுன் நான்கு செய்திகளை ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள்.

முதலாவது, இணைப்பு வகை. மிகப் பழைய கணினிகளில் ஊசி வரிசையுடைய ஐ.டி.இ. இணைப்பு இருக்கும், அவற்றிற்குச் செலவு செய்தல் வீண். 2010ஐ ஒட்டியும் அதன் பின்னும் வந்த பெரும்பாலானவற்றில் தட்டையான சாட்டா இணைப்பும் 2.5 அங்குல வன்தட்டும் இருக்கும். இவற்றிற்கு 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. பொருந்தும். சில சிறு கணினிகளில் சேமிப்பகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதனை மாற்ற இயலாது.

இரண்டாவது, தடிமன். பழைய வன்தட்டுகள் பல 9.5 மில்லிமீட்டர், 2.5 அங்குல எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் 7 மில்லிமீட்டர். மெலிந்தது தடித்ததன் இடத்தில் அமரும். ஆட்டமிருந்தால் ஒரு பிளாஸ்டிக் சட்டம் போதும்.

மூன்றாவது, எம்.2 என்னும் பட்டை வடிவம். இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். அளவு ஒன்றாயினும் அதில் சாட்டா, என்.வி.எம்.இ. என இருவகை உண்டு. ஒன்றன் துளையில் மற்றது வேலை செய்யாமற் போகலாம். என்.வி.எம்.இ. பட்டையிலிருந்து தொடங்கும் ஆற்றல் பழைய கணினிகள் பலவற்றிற்கு இல்லை. கணினியின் மாதிரி எண்ணைக் கொண்டு நிறுவனத்தின் கையேட்டைப் பார்த்தபின்னரே வாங்குக.

நான்காவது, வேகம். சாட்டாவில் 1.5, 3, 6 கிகாபிட் என மூன்று தலைமுறைகள் உண்டு. புதிய எஸ்.எஸ்.டி. பழைய 3 கிகாபிட் இணைப்பிலும் இயங்கும். ஆயின் அதன் உச்ச வேகம் பாதியாகும். ஆகவே பெட்டியின் மீது அச்சிட்ட வேகத்தை நம்பி அதிகப் பணம் தர வேண்டியதில்லை. தேடும் விரைவே நமக்குப் பயன். அது எந்தத் தலைமுறையிலும் கிட்டும்.

கொள்ளளவு 240 அல்லது 256 ஜி.பி. ஒரு மாணவருக்குப் போதும். டி.பி.டபிள்யூ. என்பது ஆயுளைக் குறிக்கும் எண். 80 என்றிருந்தால் 80 டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம். நாளொன்றுக்கு 20 ஜி.பி. எழுதினாலும் அது 4000 நாட்கள், ஏறத்தாழ 11 ஆண்டுகள். நம்பத்தகாத விலையில் பெருங்கொள்ளளவு கிடைத்தால் ஐயுறுக. போலிகள் இல்லாத அளவை இருப்பதாகக் காட்டும். பில்லும் உத்தரவாத அட்டையும் இன்றி வாங்க வேண்டா.

ஓர் எச்சரிக்கை. ராம் நினைவகம் 2 ஜி.பி. மட்டுமே எனில் எஸ்.எஸ்.டி. மட்டும் முழுப்பயன் தராது, 4 ஜி.பி. ஆக்க இயலுமா எனவும் பாருங்கள். திரையும் கீலும் உடைந்த கணினிக்குச் செலவிட வேண்டா. நம் ஊர் கடற்காற்றில் உப்பு உண்டு. இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று கவனியுங்கள்.

மாற்றுமுன் புகைப்படம், சான்றிதழ் ஆகியவற்றைப் படியெடுத்து வைப்பது தலையாய கடமை. வன்தட்டில் டக் டக் என்னும் ஓசை எழுந்தால் அதே நாளில் படியெடுங்கள். மின்கம்பியையும் பேட்டரியையும் கழற்றிய பிறகே திருகாணியைத் தொடுக. கழற்றிய வன்தட்டு நலமாயிருந்தால் யு.எஸ்.பி. உறையிலிட்டு இரண்டாம் படி வைக்கப் பயன்படுத்தலாம். எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் முன்னறிவிப்பின்றியே நின்றுவிடும், மீட்பதும் அரிது. ஆதலின் இரண்டாம் படி எப்போதும் வேண்டும்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. பழைய கணினிகளுட் பல விண்டோஸ் 11ன் நிபந்தனைகளுக்கு உட்படா. அவற்றில் கட்டணமில்லாத லினக்ஸை நிறுவலாம். தமிழிலும் தட்டச்சு செய்யலாம்.

அன்பர்களே! 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் இதழ் தொடங்கியபோது அச்சுப்பொறி என்னும் கருவி பிறர் கையில் மட்டும் இருக்கட்டும் என்று விட்டுவிடவில்லை. கருவியை அறிந்தவனை எவரும் எளிதில் ஏமாற்ற இயலாது. "இது குப்பை, புதிது வாங்கு" என்று கடைக்காரர் கூறும்போது, "இணைப்பு எந்த வகை?" என்று நம் பிள்ளை திருப்பிக் கேட்க வேண்டும். விடுமுறையில் மேல்வகுப்பு மாணவர் நால்வர் முன்வந்தால், இச்சங்கக் கூடத்திலேயே தெருவாரியாகக் கணினிகளைச் சோதித்து, தேறுவன இவை, தேறாதன இவை எனப் பட்டியலிடலாம். சென்டாக் விண்ணப்பக் காலம் வருமுன் அப்பணி நிறைவேற வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.