ஃப்ரீ பண்ணினா அழிஞ்சிடுமா? ஜிடிபி-யில் மெமரியைப் பார்ப்போம்

இன்னைக்கு ஓடிக்கிட்டிருக்கிற ஒரு புரோகிராமோட மெமரிக்குள்ள எட்டிப் பார்க்கப் போறோம். லேப்டாப் பக்கத்தில் இருந்தா லினக்ஸ் டெர்மினலைத் திறந்து வெச்சுக்கங்க. பஸ்ஸில் இருக்கீங்கன்னா சும்மா கேளுங்க, வீட்டுக்குப் போய் செஞ்சு பார்த்துக்கலாம்.

நம்ம கருவி ஜிடிபி. 1986-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதின டீபக்கர், இன்னைக்கும் ஓடிக்கிட்டிருக்கு. பிரேக்பாயிண்ட் வைக்கிறது, பிரிண்ட் கொடுத்து வேரியபிளைப் பார்க்கிறது, இதோட நம்மில் பலர் நிறுத்திடுறோம். அதுல எக்ஸ்-னு ஒரே எழுத்தில் ஒரு கமாண்ட் இருக்கு. எக்ஸாமின் என்பதன் சுருக்கம். அதுக்கு வேரியபிள் பெயர் வேண்டாம், ஒரு முகவரி கொடுத்தா போதும். கூடவே ஒரு ஸ்லாஷ் போட்டு மூணு விஷயம் சொல்லலாம்: எத்தனை வேணும், எந்த வடிவத்தில் வேணும், ஒவ்வொண்ணும் எத்தனை பைட்.

ஒரு உதாரணம். மெமரியில் வரிசையா நாலு பைட் இருக்கு: 65, 66, 67, 68. எழுத்தா காட்டுன்னு கேட்டா ஏ, பி, சி, டி-னு வரும். அதே நாலையும் ஒரே முழு எண்ணா கேட்டா, நம்ம இன்டெல் மெஷினில் 1145258561 வரும். ஃப்ளோட்டா கேட்டா சுமார் 781.035. மூணுமே சரி. அந்த இடத்தில் இருக்கிறது வெறும் பைட்தான். அது எழுத்தா எண்ணான்னு முடிவு பண்றது அதைப் படிக்கிற ஆள்.

இப்போ முக்கியமான சோதனைக்கு வருவோம். சி-யில் சின்ன புரோகிராம் எழுதுங்க. மேலாக் கொடுத்து 64 பைட் வாங்குங்க. அதில் 24 எழுத்து உள்ள ஒரு பொய்யான பாஸ்வேர்டைப் போடுங்க. அடுத்த வரியில் ஃப்ரீ. ஃப்ரீ முடிஞ்ச இடத்தில் பிரேக்பாயிண்ட் வெச்சு, அதே முகவரியை எக்ஸ் கமாண்டில் பாருங்க.

குனு சி லைப்ரரியோட இப்போதைய பதிப்புகளில், 64-பிட் மெஷினில், முதல் 16 பைட் மாறியிருக்கும். காலியான இடங்களோட கணக்கை வெச்சுக்க லைப்ரரி அந்த இடத்தை எடுத்துக்கும். மீதி 8 எழுத்து? அப்படியே உட்கார்ந்திருக்கும். வாடகை வீட்டைக் காலி பண்ணிச் சாவியைக் கொடுத்தாச்சு, ஆனா சுவத்தில் எழுதினதை யாரும் வெள்ளையடிக்கலை. அவ்வளவுதான் ஃப்ரீ.

"சரி, ஃப்ரீக்கு முன்னாடி மெம்செட் போட்டு பூஜ்ஜியமாக்கிடலாமே"ன்னு தோணும். நல்ல யோசனைதான். ஆனா ஆப்டிமைசேஷனை ஆன் பண்ணிட்டா, "இந்த இடத்தை இதுக்கப்புறம் யாரும் படிக்கப் போறதில்லையே"ன்னு கம்பைலர் அந்த வரியையே தூக்கிடலாம். அதுக்காகவே எக்ஸ்ப்ளிசிட்-பிஜீரோன்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. குனு சி லைப்ரரியில் 2017-ல் வந்தது. கம்பைலர் அதில் கை வைக்காது. இதையும் நம்பிட வேண்டாம், ஜிடிபி-யில் பார்த்தே உறுதிப்படுத்திக்கலாம். ஜிடிபி-யில் ஃபைண்ட்-னு இன்னொரு கமாண்ட் இருக்கு, ஒரு முகவரியிலிருந்து இன்னொரு முகவரி வரைக்கும் ஒரு சொல்லைத் தேடும். பாஸ்வேர்டை கீபோர்டிலிருந்து எஃப்-கெட்ஸ் வழியா வாங்கியிருந்தீங்கன்னா, இன்புட் பஃபரில் இன்னொரு நகல் கிடைக்கலாம்.

இதெல்லாம் ஏன் முக்கியம்? 2014 ஏப்ரலில் வெளியான ஹார்ட்பிளீட் ஞாபகம் இருக்கா? ஓப்பன்எஸ்எஸ்எல்-லில் இருந்த ஓட்டை. சர்வருக்கு ஒரு சின்ன செய்தியை அனுப்பி, "இது ரொம்ப நீளம்"னு பொய் சொன்னா போதும். சர்வர் சரிபார்க்காம, பக்கத்து மெமரியையும் சேர்த்து ஒரு தடவைக்கு 64 கேபி வரை திருப்பி அனுப்பிடும். அதில் பாஸ்வேர்ட், பிரைவேட் கீ எல்லாம் வெளியே வர முடிஞ்சது. அழிக்காம விட்டது அழிஞ்சதா அர்த்தமில்லைங்கிறதுக்கு இதைவிடப் பெரிய பாடம் தேவையில்லை.

நம்ம தினசரி வேலையிலும் இது வரும். புரோகிராம் க்ராஷ் ஆனா கோர் டம்ப் வரும் இல்லையா? அது அந்த நேரத்து மெமரியோட நகல். டேட்டாபேஸ் பாஸ்வேர்ட், யூசரோட டோக்கன், ஃபோன் நம்பர் எல்லாம் அதுக்குள்ள இருக்கலாம். அதைத் திறந்து படிக்க ஜிடிபி கூட வேண்டாம், ஸ்ட்ரிங்ஸ் கமாண்ட் போதும். அதனால கோர் ஃபைலை டிக்கெட்டில் இணைக்கறதுக்கு, டீம் சாட்டில் போடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க. பல சமயம் பேக்ட்ரேஸை மட்டும் அனுப்பினாலே வேலை முடிஞ்சிடும். அதிலும் ஃபங்ஷனுக்குக் கொடுத்த மதிப்புகள் தெரியும், ஒரு பார்வை பார்த்துட்டு அனுப்புங்க.

இந்த வாரம் ஒரு வேலை: நீங்க எழுதின ஏதாவது ஒரு புரோகிராமை எடுத்து, ரகசியம்னு நீங்க நினைக்கிற ஒரு சொல்லை அதோட மெமரியில் தேடுங்க. எத்தனை இடத்தில் கிடைச்சதுன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.