வெளுப்பு க்ரீம் விற்பவர்கள் கவனத்திற்கு

(தென்காசியில் வியாபாரிகள், இளைஞர்கள் மத்தியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் அருவிக்குப் போகும் வழியெல்லாம் கடைதான். அங்கேயும் சரி, தென்காசி பேன்சி ஸ்டோர்களிலும் சரி, 'ஏழே நாளில் சிவப்பழகு' என்று டப்பாக்கள் அடுக்கியிருக்கின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று விற்கிற உங்களுக்குத் தெரியுமா? பன்றிக் கொழுப்பு கலந்திருக்கிறதா என்று கேட்கத் தெரிந்த நமக்கு, பாதரசம் கலந்திருக்கிறதா என்று கேட்கத் தெரியவில்லை. நானும் கேட்டதில்லை. வளைகுடாவிலிருந்து வந்த உறவினர் கொடுத்ததை அப்படியே வீட்டுப் பெண்களிடம் நீட்டியவன்தான் நான்.

செங்கோட்டையைத் தாண்டினால் கேரளா. அங்கே மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல் ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு அந்நோயின் அரிதான வகை. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பு க்ரீம் பூசியவர்கள்! கால் வீங்குகிறது, சிறுநீர் நுரைக்கிறது; முகத்தில் பூசியதுதான் காரணம் என்று யார் நினைப்பார்? க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள் என்பது ஆறுதல். 2023ல் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று கடை கடையாகச் சோதனையில் இறங்கியது.

தோலுக்கு நிறம் தருவது மெலனின். அது உருவாவதைப் பாதரசம் தடுக்கிறது. அதனால்தான் 'ரிசல்ட்' சீக்கிரம் தெரிகிறது. ஆனால் அது தோலோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. அம்மா முகம் துடைத்த துண்டை எடுக்கிற பிள்ளைக்கும் அதில் பங்கு உண்டு. நம் நாட்டு 2020ம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி முகக் க்ரீமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருக்கக் கூடாது. அதுவும் தெரியாமல் கலந்ததாக இருக்க வேண்டும்.

அடுத்தது ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டாசோல், மொமெட்டாசோன் என்று ட்யூபில் போட்டிருக்கும். இவை மருந்து, அழகு க்ரீம் அல்ல. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து சிவக்கும், பரு வெடிக்கும், முடி முளைக்கும். நிறுத்தினால் எரிச்சல் தாங்காமல் மறுபடி பூசுவார்கள். 2018ல் இத்தகைய 14 ஸ்டீராய்டு பூச்சுகளை டாக்டர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று அரசு உத்தரவிட்டது. ஹைட்ரோகுயினோனை டாக்டர் மேற்பார்வையின்றி நெடுநாள் பூசினால், வெளுக்க வந்த முகம் நீலக் கருப்பாகப் போவதும் உண்டு.

இளைஞர்களே! பெண் பார்க்கப் போகும்போது 'நிறம் கொஞ்சம் கம்மி' என்று உங்கள் வீட்டில் சொல்கிறார்களே, அப்போது வாய் மூடி உட்கார்ந்திருப்பது யார்? நீங்கள்தானே! அந்தப் பெண் மறுநாள் கடைக்குப் போகிறாள்.

வியாபாரிகளே! டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானப் பட்டியல் உண்டா? வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதியாளர் முகவரியும் பதிவு எண்ணும் உண்டா? இல்லையென்றால் வாங்காதீர்கள். 'கலோமெல்', 'மெர்குரி' என்ற சொற்களைப் பாருங்கள். 'தங்கம், வெள்ளி நகை மேல் படக் கூடாது' என்று எச்சரிக்கை இருந்தால் சந்தேகமே வேண்டாம், பாதரசம்தான். ஆனால் எழுதாமலே கலப்பவன்தான் அதிகம். பட்டியலே இல்லாத சரக்கில்தான் லாபமும் அதிகம் என்பது எனக்கும் தெரியும்.

கடையில் மிச்சமிருக்கும் சரக்கைக் குப்பையில் போடாதீர்கள், சிற்றாற்றில் வீசாதீர்கள். பாதரசம் மீனுக்குப் போய் மறுபடி நம் தட்டுக்கே வரும். பாலிதீன் பையில் இறுகக் கட்டி வைத்து, மருந்து ஆய்வாளருக்குத் தகவல் கொடுங்கள்.