ஒரு நாளுக்கு எவ்வளவு?



கம்ப்யூட்டர் துறையில் வேலை தேடுகிற எவருக்கும் கன்சல்டன்சியிலிருந்து வரும் முதல் தொலைபேசி அழைப்பில் மூன்று கேள்விகள் இருக்கும். இப்போது வாங்கும் சி.டி.சி., அதாவது மொத்த ஆண்டுச் சம்பளம், எவ்வளவு, எதிர்பார்ப்பது எவ்வளவு, நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இவற்றுக்குப் பதில் சொல்லக்கூடிய பிள்ளைகள் தெருவுக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். நான்காவதாக ஒரு கேள்வி உண்டு. அதைக் கன்சல்டன்சிக்காரர்கள் கேட்க மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். "என் வேலைக்காக கிளையன்ட் உங்களுக்குக் கொடுப்பது எவ்வளவு?" ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் இதைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். இந்த உரை அவர்களுக்காக. பக்கத்தில் பென்சிலும் காகிதமும் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு கணக்குப் போடப் போகிறோம்.

முதலில் இந்த ஒப்பந்தக்காரர்கள் யார் என்று பார்ப்போம். பறக்கும் ரயில் திருமயிலை வரைக்கும் 1997இல் வந்தது. திருவான்மியூர் வரைக்கும் 2004இல் நீண்டது. இடையில், 2000ஆம் ஆண்டு ஜூலையில், தரமணியில் டைடல் பூங்கா என்ற கணினி நிறுவன வளாகம் திறக்கப்பட்டது. இன்று மயிலாப்பூர் மாட வீதியில் காபி குடித்துவிட்டுக் கிளம்புகிறவர் ஆறே ஸ்டேஷனில் அந்த வாசலுக்குப் பக்கத்தில் இறங்கிவிடலாம். காலை வேளையில் அந்த ரயிலில் கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறவர்கள் நிறையப் பேர். பல நிறுவனங்களில் அந்த அட்டையின் நாடா நிறமே ஆளைச் சொல்லிவிடும், நிரந்தரமா ஒப்பந்தமா என்று. உட்காருவது ஒரே அறையில்தான். டீம் லீடும் ஒருவர்தான், ராத்திரி கிளையன்ட் கால் வந்தால் எடுப்பதும் இருவரும்தான். ஆனால் ஒப்பந்தக்காரரின் சம்பளச் சீட்டில் இருக்கும் கம்பெனி பெயர் வேறு, கட்டட வாசலில் இருக்கும் பெயர் வேறு. தேர்ட் பார்ட்டி பேரோல் என்று இதைச் சொல்கிறார்கள்.

நேற்று வந்த முறை அல்ல இது. ஆள் எடுத்துத் தரும் தொழிலில் சென்னை மூத்த ஊர். மா ஃபா நிறுவனம் 1992இல் இங்கேதான் தொடங்கியது. பின்னாளில் அது நெதர்லாந்தின் ராண்ட்ஸ்டாட் கைக்குப் போனது. 2000 பிறக்கும்போது கணினிகள் ஆண்டைத் தப்பாகப் படித்துவிடும் என்று உலகம் பயந்த நாட்களில், கோபோல் தெரிந்த நம் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்கு ஒப்பந்தத்தில் போனார்கள். போனவர்கள் அங்கே ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொண்டார்கள். கிளையன்ட் மணிக்கு எத்தனை டாலர் கொடுக்கிறான், அதில் எனக்கு எத்தனை பங்கு என்று நேராகவே கேட்பார்கள். எழுபதுக்கு முப்பதா, எண்பதுக்கு இருபதா என்று பேரம் நடக்கும். வாரத்துக்கு 40 மணி, 52 வாரம், ஆக வருஷத்துக்கு 2,080 மணி என்பது அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். லண்டனில் பேச்சு நாள் கணக்கில் நடக்கிறது. சென்னையில் மட்டும் ஒப்பந்தக்காரரும் நிரந்தர ஊழியரைப் போல மாதக் கணக்கிலேயே பேசுகிறார். பணம் கைநழுவத் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

பணம் எப்படி இறங்கி வருகிறது என்று பாருங்கள். உதாரணத்துக்கு, அமெரிக்க கிளையன்ட் ஒரு மணிக்கு 25 டாலர் தருகிறான் என்று வைத்துக்கொள்வோம். டாலருக்கு 85 ரூபாய் வைத்தால் மணிக்கு 2,125 ரூபாய். மாதம் 160 மணிக்கு 3,40,000 ரூபாய். வேலை செய்பவருக்குக் கடைசியில் போய்ச் சேருவது ஒரு லட்சம் என்றால், மீதி எங்கே போனது? எல்லாமே கொள்ளை என்று நான் சொல்லவில்லை. கட்டட வாடகை, நெட்வொர்க், மேனேஜர்கள், அடுத்த ப்ராஜெக்ட் வரும்வரை பெஞ்சில் இருப்பவர்களுக்குச் சம்பளம் என்று பெரிய நிறுவனத்துக்கு உண்மையான செலவுகள் இருக்கின்றன. என் சண்டை அதற்குக் கீழே இருக்கும் படிகளோடுதான். பெரிய நிறுவனம் ஒரு வென்டரிடம் ஆள் கேட்கும். அந்த வென்டர் இன்னொரு வென்டரிடம் கேட்பான். அவன் தி.நகரில் இரண்டு மேசை போட்ட ஒரு கன்சல்டன்சியிடம் கேட்பான். நடுவில் இருப்பவன் செய்வது ஒரு ரெஸ்யூமை முன்னே தள்ளுவதும், மாதா மாதம் ஒரு இன்வாய்ஸைப் பின்னே தள்ளுவதும்தான். அந்தச் சின்ன வேலைக்கு, நீங்கள் அங்கே இருக்கும் காலம் முழுவதும் உங்கள் உழைப்பிலிருந்து பங்கு போகிறது. "எனக்கும் கிளையன்டுக்கும் நடுவில் எத்தனை பேர்?" என்று கேட்டால் வேலை போய்விடாது. கேட்டுப் பாருங்கள், சில இடங்களில் ஒரு படி தானாகவே காணாமல் போகும்.

இப்போது பென்சிலை எடுங்கள்.

ஒருவர் நிரந்தர வேலையில் மாதம் ஒரு லட்சம், வருஷத்துக்கு 12 லட்சம் வாங்குகிறார். அதே வேலைக்கு ஒப்பந்தத்தில் எவ்வளவு கேட்க வேண்டும்? "இருபது சதவீதம் ஹைக் தருகிறோம்" என்று கன்சல்டன்சி சொன்னதும் சந்தோஷமாகத் தலையாட்டுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். வருஷத்தில் 365 நாள். சனி, ஞாயிறு 104 போனால் 261. தமிழ்நாட்டுச் சட்டப்படி தேசிய விடுமுறையும் பண்டிகை விடுமுறையும் சேர்ந்து 9 நாள், அதைக் கழித்தால் 252. காய்ச்சல், கல்யாணம், ஊருக்குப் போவது என்று 17 நாள் போட்டால் 235. ஒரு ஒப்பந்தம் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை ஏழு வாரம் சும்மா இருக்க நேரும் என்று வைத்துக்கொண்டால் 35 வேலை நாள் போகும். மிச்சம் 200 நாள். நிரந்தர ஊழியருக்கு இந்த எல்லா நாளுக்கும் சம்பளம் உண்டு. அன்றாடக் கணக்கில் இருக்கும் ஒப்பந்தக்காரருக்கு அந்த 200 நாளுக்கு மட்டும்தான். அதே 12 லட்சத்தை 200 நாளில் சம்பாதிக்க, நாளுக்கு 6,000 ரூபாய் வேண்டும். நிறுவனம் கட்ட வேண்டிய பி.எஃப். பங்கு, கிராஜுவிட்டி, குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு, சொந்த லேப்டாப், ஆடிட்டர் கட்டணம் எல்லாவற்றுக்கும் சேர்த்து வருஷத்துக்கு 2 லட்சம் போடுங்கள். 14 லட்சத்தை 200ஆல் வகுத்தால் நாளுக்கு 7,000. எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 875. மாதத்தில் 21 வேலை நாள் என்றால் 1,47,000 ரூபாய். ஆக, ஒரு லட்சம் வாங்குகிறவர் ஒப்பந்தத்துக்குப் போகும்போது ஏறக்குறைய ஒன்றரை லட்சம் கேட்டால்தான் இருந்த இடத்திலேயே இருக்கிறார். ஒன்றேகால் லட்சத்துக்குச் சம்மதித்தவர், ஹைக் வாங்கியதாக நினைத்துக்கொண்டு சம்பளத்தைக் குறைத்துக்கொண்டவர்.

மயிலாப்பூரில் கல்யாண சமையல்காரர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. தை மாத முகூர்த்தத்துக்குக் கூலி பேசும்போதே, ஆடி மாத அரிசிக்கும் சேர்த்துத்தான் அவர்கள் பேசுவார்கள்.

உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம். அடுத்த ஒப்பந்தம் உடனே கிடைக்கும் திறமை இருப்பவர் 35 நாளைக் குறைத்துக்கொள்ளலாம். எஸ்.ஏ.பி., கிளவுட் தெரிந்தவர்களுக்குக் கிராக்கி அதிகம். மேனுவல் டெஸ்டிங்குக்குக் குறைவு. அமெரிக்க கிளையன்ட்கள் சிலர் டிசம்பர் கடைசி வாரத்தில் ஒப்பந்தக்காரர்களைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்புவதும் நடக்கிறது. அதற்குப் பெயர் ஃபர்லோ. ஆஃபர் லெட்டரில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பி.எஃப்.இல் நிறுவனத்தின் பங்கும் உங்கள் சி.டி.சி.க்குள்ளேயே அடங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். அனேகமாக அடங்கியிருக்கும்.

லட்சங்களையே பேசிக்கொண்டிருந்தால் ஒரு பெரிய கூட்டத்தை மறந்தவர்களாவோம். அலுவலகத்தில் கணினி மக்கர் செய்தால் ஓடிவருகிற டெஸ்க்டாப் சப்போர்ட் பையன்களும் வென்டர் ஆட்கள்தான். மாதம் பதினைந்தாயிரம், இருபதாயிரம் என்று வாங்குகிறவர்கள். 21,000 ரூபாய் வரை சம்பளம் இருந்தால் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு உண்டு. தொழிலாளியிடம் 0.75 சதவீதம், முதலாளியிடம் 3.25 சதவீதம். தம்பி, உன் சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்றால் உன் பெயரில் இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா, பணம் கட்டப்படுகிறதா என்று பார். அம்மாவுக்கு ஆபரேஷன் என்று கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் போய் நின்ற பிறகு தெரிந்துகொள்ளும் விஷயம் அல்ல இது.

சிலரை நிறுவனங்கள் ஊழியராக எடுக்காமல், கன்சல்டன்ட் என்று எழுதிக்கொண்டு டி.டி.எஸ். என்று பத்து சதவீதத்தை முன்கூட்டியே வரியாகப் பிடித்துக்கொண்டு கொடுக்கின்றன. இதில் பி.எஃப். கிடையாது, லீவு கிடையாது. ஆனால் வரியில் ஒரு சலுகை இருக்கிறது. கணினித் தொழில் செய்பவரின் வருஷ வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், அதில் பாதியை வருமானமாகக் காட்டலாம். பணம் முழுக்க வங்கி வழியாக வந்தால் இந்த வரம்பு 75 லட்சம். அப்படியானால் 14 லட்சம் வாங்குகிறவரின் வருமானம் 7 லட்சம். 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு, புதிய முறையில் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை. பிடித்த 1,40,000 ரூபாயும் ரிட்டர்ன் தாக்கல் செய்தால் திரும்பி வரும். தாக்கல் செய்யாமல் விட்டுவிட்டு, "பத்து பர்சென்ட் போயிடுச்சு" என்று சொல்லித் திரிகிறவர்கள் மயிலாப்பூரில் ஏதாவது ஒரு ஆடிட்டர் படியை ஏறிவிட்டு வருவது நல்லது.

வீட்டிலிருந்தபடி சொந்தமாக ப்ராஜெக்ட் எடுத்துச் செய்கிறவர்களின் பெரிய துயரம் ரேட் அல்ல. வேலையை வாங்கிக்கொண்டு பணத்தை இழுத்தடிப்பதுதான். அதற்கு 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் கைகொடுக்கும். உத்யம் இணையதளத்தில் உங்கள் தொழிலைப் பதிவு செய்யக் கட்டணமே இல்லை. பதிவு செய்த குறுந்தொழிலுக்கு, வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. முறையிடச் சென்னையிலேயே இதற்கென மன்றம் இருக்கிறது. வேலையைத் தொடங்கும் முன்பே பதிவு செய்துவிடுங்கள். பணம் நின்ற பிறகு ஓடுவதில் அர்த்தமில்லை.

சட்டத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் விதிகளிலேயே, நேரடி ஊழியர் செய்கிற அதே வேலையைச் செய்பவருக்கு அதே கூலி என்று இருந்தது. கணினித் துறையில் அதை எடுத்துப் பேசியவர்கள் குறைவு. 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வர வேண்டும் என்கிறது ஒன்று. நிறுவனமே நேரடியாகக் குறிப்பிட்ட காலத்துக்கு எடுக்கும் ஊழியருக்கு ஐந்து வருஷம் வேண்டாம், ஒரு வருஷத்திலேயே கிராஜுவிட்டி உண்டு என்கிறது இன்னொன்று. வென்டர் வழியாகப் போகிறவர்கள் இது தங்களுக்கும் தானாகக் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆகவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வந்தால், நேரடி ஒப்பந்தத்தையே எடுங்கள் என்பேன்.

பிள்ளை பெற்ற பிறகு ஒப்பந்த வேலையில் திரும்பி வரும் பெண்களிடம் ஒரு வார்த்தை. ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்பதற்காக மகப்பேறு பலனை நிறுத்தக் கூடாது என்று, டாக்டர் கவிதா யாதவ் வழக்கில் 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது ஒரு ஒப்பந்த மருத்துவர் நடத்திய வழக்கு. கணினி முன் உட்காரும் பெண்களும் அந்தத் தீர்ப்பைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ப்ராஜெக்ட் முடிந்துவிட்டது என்று சொல்லி கர்ப்பிணியை அனுப்பி வைப்பது வழக்கமாகிவிட்டதால் அது சரியாகிவிடாது.

படித்து முடித்துவிட்டு தி.நகரில் மேன்ஷன் எடுத்துத் தங்கி வேலை தேடுகிற பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். டெபாசிட் கட்டினால் பேக்டோர் வழியாக ஒப்பந்த வேலை என்று யாராவது சொன்னால், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். வேலை கொடுக்கிறவன் பணம் கொடுப்பான். வேலைக்கு வருகிறவனிடம் பணம் கேட்க மாட்டான். ஊரில் நகையை அடகு வைத்து அனுப்பிய பணம் அது.

இவ்வளவும் சொன்ன பிறகு, எனக்கு மிகவும் வருத்தம் தருவது ஒன்றுதான். பக்கத்து இருக்கைக்காரரின் ரேட் என்ன என்று ஒருவருக்கும் தெரிவதில்லை. கேட்டால் தவறு என்று நினைக்கிறோம், சொன்னால் ஆபத்து என்று பயப்படுகிறோம். இந்த மௌனத்தால் லாபம் அடைகிறவர்கள் நடுவில் இருப்பவர்கள் மட்டும்தான். ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கச் சட்டத்தில் தடை ஏதும் இல்லை என்று தமிழக அரசே 2016இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. சங்கத்தில் சேருவது உங்கள் விருப்பம். அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்களுக்குப் பின்னால் வரும் தம்பியோ தங்கையோ கேட்டால், உங்கள் நாள் ரேட்டை மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்த முறை கன்சல்டன்சியிலிருந்து அழைத்து, இப்போது வாங்குவது எவ்வளவு என்று கேட்டால், பழைய சம்பளத்தைச் சொல்லித் தொடங்காதீர்கள். என் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று சொல்லித் தொடங்குங்கள்.