கையை விடுங்கள், காலைப் பாருங்கள்

வார இறுதிகளில் இங்கே பூங்காவில் பிள்ளைகளுக்கு ஃபிளாக் ஃபுட்பால் (ஆளை மோதி வீழ்த்தாத அமெரிக்கக் கால்பந்து) சொல்லித் தருகிறேன். பந்து கைக்கு வந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: பின்னோக்கி ஓடிப்போய், கண்ணை மூடிக்கொண்டு தூரமாக ஒரு வீச்சு. கேட்டால், "யூடியூப்ல அப்படித்தான் அங்கிள் போடறாங்க" என்கிறார்கள். பந்து பறப்பதற்கு முன் வீசியவனின் கால் என்ன செய்தது? அதை வெட்டிவிட்டுத்தான் படம் போடுகிறார்கள். அந்த எரிச்சலில்தான் இன்றைக்கு 2019-ஆம் ஆண்டின் எல்.எஸ்.யூ. (லூசியானா மாநிலப் பல்கலைக்கழக) அமெரிக்கக் கால்பந்து அணியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

பதினைந்து ஆட்டம், பதினைந்து வெற்றி. இறுதியில் கிளெம்சனை 42-25 என்று வீழ்த்திக் கோப்பை. பந்து வீசும் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவுக்கு 60 டச் டவுன் வீச்சு, 5,671 யார்டு, சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது. இதெல்லாம் நீங்கள் கேட்டுச் சலித்தது.

ஆனால் இதைக் கவனித்தீர்களா? 2018-இல் அதே பர்ரோ வீசியதில் நூற்றுக்கு 57.8 தான் கைசேர்ந்தது. மறு ஆண்டு 76.3. ஒரே வருடத்தில் கை மாறிவிடுமா? மாறியது ஆட்டத் திட்டம். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியிலிருந்து பயிற்சியாளர் ஜோ பிராடி வந்தார். ஐந்து பேரைப் பந்து வாங்க அகலமாகப் பரப்பினார்கள். வீசுபவனைக் காக்க மிஞ்சியது ஐந்தே பேர். எதிரணி ஆறாவதாக ஒருவனைப் பாயவிட்டால் தடுக்க ஆளில்லை. அவனை வீசுபவனே சமாளிக்க வேண்டும். எதை வைத்து? காலை வைத்து, நேயர்களே. காலை வைத்து.

செப்டம்பர் 7, ஆஸ்டின் நகரம், டெக்சாஸுடன் ஆட்டம். 37-31 என்று எல்.எஸ்.யூ. முன்னணி, இன்னும் மூன்று நிமிடம்கூட இல்லை. நான்கு முயற்சிகளில் மூன்றாவது, வேண்டியது 17 யார்டு. பயந்த அணியாக இருந்தால் பந்தைத் தூக்கிக்கொண்டு சும்மா ஓடிவிட்டு, அடுத்ததில் உதைத்து அனுப்பியிருக்கும். இவர்கள் வீசத் துணிந்தார்கள். டெக்சாஸ் கூட்டமாகப் பாய்ந்தது. பர்ரோ பின்வாங்கவில்லை. முன்னால் ஓரடி, இடப்பக்கம் ஒரு நழுவல், அவ்வளவுதான். பந்து ஜஸ்டின் ஜெஃபர்சன் கைக்குப் போய், 61 யார்டு டச் டவுன். ஆட்டம் 45-38 என்று முடிந்தது.

அந்த ஓரடியை நான் எத்தனை முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன் என்று வீட்டில் கேட்டால் திட்டுதான் விழும். சிலம்பம் பழகியவர்களுக்கு இது புரியும்: கம்பு சுழல்வதுதான் ஊர் கண்ணுக்குத் தெரியும்; வாத்தியார் பார்ப்பது காலடியை.

பலரும் அதே ஆண்டின் ஜார்ஜியா ஆட்டத்தைச் சொல்வார்கள். பிடிக்க வந்தவனிடம் இருந்து சுழன்று தப்பி, ஓடிக்கொண்டே வீசி, ஜெஃபர்சனுக்கு 71 யார்டு. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஓடித் தப்பிக்க வேகம் இருந்தால் போதும். ஆள் மேலே வந்து விழும்போது ஓரடி மட்டும் வைத்து, கண்ணைத் தூரத்திலேயே வைத்திருக்க நெஞ்சுரம் வேண்டும். எனக்கு அந்த ஓரடிதான் பெரிது. மறுபடியும் சொல்கிறேன்: அந்த ஓரடி.

மற்றவர்களைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஐந்தடி எட்டங்குலமே இருந்த, பந்தைத் தூக்கி ஓடும் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர், அலபாமாவை 46-41 என்று வென்ற நாளில் நாலு டச் டவுன் எடுத்தார். எட்டு ஆட்டமாக எல்.எஸ்.யூ.வைத் தோற்கடித்துக்கொண்டிருந்த எதிரி அது! ஜமார் சேஸுக்குப் பந்து வாங்குபவர்களில் (ரிசீவர்) சிறந்தவருக்கான பிலெட்னிகாஃப் விருது. முன்வரிசைத் தடுப்பாளர்களுக்கு ஜோ மூர் விருது. எதிரணியைத் தடுக்க வேண்டிய தற்காப்புக்காரர்களைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். வாண்டர்பில்டுக்கே 38 புள்ளி போனது. அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போகிறேன், மன்னித்துவிடுங்கள்.

அடுத்த ஆண்டு 13-0 என்று முடித்த அலபாமாதான் மேல் என்று என் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். நல்ல அணிதான். ஆனால் 17 யார்டு பாக்கி, பாயக் காத்திருக்கிறது எதிரணி, யாருடைய கால் வேண்டும் என்று கேட்டால், யோசிக்காமல் பர்ரோவின் காலைத்தான் கேட்பேன்.