பெயரோ தாட்குவளை, உள்ளதோ நெகிழி!
(தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

குற்றாலச் சாரல் வீசுங்கால் சாலையோரக் கடையில் சுடச்சுடத் தேநீர் அருந்துதல் இவ்வூரார்க்கு இன்பமே. ஆயின், அத்தேநீரைத் தாங்கும் குவளை யாது? தாட்குவளை என்பர். தாள் நீரில் ஊறிக் கிழியுமே. இஃது ஊறாமல் நிற்பது எங்ஙனம்? அதன் உட்புறத்தே மெல்லிய நெகிழிப் படலம் பூசப்பட்டுள்ளது. பெயர் தாள், தேநீர் படுமிடமோ நெகிழி! பொருளுக்குப் பொய்ப்பெயர் வழங்கின் மக்கள் ஏமாறுவர் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

'பிளாசுட்டிக்' என்னும் அயற்சொல் நம் மக்களுக்கு ஒன்றும் உணர்த்தாது. 'நெகிழ்' என்னும் வேரினின்று பிறந்த நெகிழி என்னும் சொல்லோ அப்பொருளின் இயல்பையே உரைக்கின்றது. சூட்டில் நெகிழ்வது அது. தேய்ந்து துகளாய் உதிர்வதும் அதுவே. 5 மில்லி மீட்டரினும் சிறிய துகள்களை நுண்ணெகிழி என்பர் அறிவியலார்.

கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர், இத்தகைய குவளைகளில் 100 மில்லி லிட்டர் சுடுநீரை ஊற்றி 15 மணித்துளி வைத்தனர். ஏறத்தாழ 25,000 நுண்துகள்கள் நீரிற் கலந்தமை கண்டனர். அவ்வாறு நாளும் மூன்று குவளை அருந்துவார் 75,000 துகள்களை விழுங்குவர்!

விழுங்கிய துகள் எங்கே செல்கின்றது? 2021-இல் இத்தாலியில், ஆய்ந்த ஆறு நச்சுக்கொடிகளுள் நான்கில் நுண்ணெகிழி காணப்பட்டது. கருவிலுள்ள மகவையும் அது விட்டிலது! 2022-இல் நெதர்லாந்தில், நலமுடைய 22 பேருள் 17 பேரின் குருதியில் நெகிழி இருந்தது. 2024-இல் வெளிவந்த மற்றோர் இத்தாலிய ஆய்வு இன்னும் கவலை தருவது. கழுத்துக் குருதிக்குழாயின் அடைப்பு நீக்கப்பெற்ற 257 பேரை மருத்துவர் ஏறத்தாழ மூன்றாண்டு தொடர்ந்து நோக்கினர். அவருள் 150 பேரின் அடைப்பில் பாலித்தீன் இருந்தது. நெகிழி காணப்பட்டார்க்கு மாரடைப்போ மூளைத்தாக்கோ இறப்போ நேரும் வாய்ப்பு, ஏனையோரினும் நான்கரை மடங்கு மிகுந்திருந்தது.

நெகிழியே அதற்குக் கரணியம் என்று அவ்வாய்வு மெய்ப்பிக்கவில்லை. அதனை அவ்வாய்வாளரே ஒப்பினர். உண்மையை மிகைப்படுத்துதல் நமக்கு வேண்டா. ஆயினும், நஞ்சென்று உறுதியாகும்வரை உண்டு பார்ப்போம் என்பார் உளரோ?

தமிழக அரசு 2019 சனவரி முதல் நாளிலிருந்து ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களைத் தடைசெய்தது. நெகிழி பூசிய தேநீர்க்குவளையும் அவற்றுள் அடங்கும். சட்டம் ஏட்டில் உள்ளது. குவளையோ இன்னும் கையில் உள்ளது!

இக்கேட்டை நீக்கப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. தேநீரைக் கண்ணாடிக் குவளையில் கேளுங்கள். கொதிக்கும் குழம்பை நெகிழிப்பையிற் கட்டித் தந்தால் மறுத்து, வீட்டு ஏனத்தில் வாங்குங்கள். சோற்றுக்கு வாழையிலை உண்டு. கடைக்குச் செல்வார்க்குத் துணிப்பை உண்டு. எறிந்த நெகிழி மறைவதில்லை. வெயிலில் நொறுங்கித் துகளாகிச் சிற்றாற்று நீரோடு மீண்டும் நம்மிடமே வரும்.

பொருளை அதன் மெய்ப்பெயரால் அழைப்போம். அப்பெயர் தரும் எச்சரிக்கையைச் செயலிற் காட்டுவோம்!